ஸ்ரிக்கர் ஒட்டிய கிணறு

ஓரிடத்தில் அரை மணித்தியாலம் சேர்ந்தாற்போல இருக்கச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் ஊரும். பள்ளிக்கூடத்தில் இதற்காகவே அடி வாங்கியிருக்கிறேன். பட்டப்படிப்பை முடித்துவிட்டுத் திருகோணமலையில் வீட்டுக்கும் கடற்கரைக்குமாக அலைந்துகொண்டிருந்த காலத்தில், கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுக்கும் வேலை ஒன்று கிடைத்தது. அதை எனக்கென்றே யாரோ உண்டாக்கியிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வேலை தந்தது ஒரு பல்கலைக்கழகம். தலைமை இடம் தூரத்து ஊரில். துறைமுகப் பக்கம் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆய்வு நிலையம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் மற்றப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் தங்களைச் சொல்லவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடும்.

அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிதி அவர்களுக்குக் கிடைத்திருந்தது. சம்பூர்ச் சனங்கள் போரில் இடம்பெயர்ந்து பல வருடங்கள் வெளியே கிடந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார்கள். ஆளில்லாமல் பாழடைந்திருந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கிக் குடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தத் தண்ணீர் குடிக்க உகந்ததா, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று சோதித்துச் சொல்வதுதான் ஆய்வு. தலைமை ஆய்வாளர் ஒரு பேராசிரியர். நான் ஆய்வு உதவியாளர். ஆறு மாத வேலை, மாதக் கொடுப்பனவு.

காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டிப் போவேன். ஒவ்வொரு கிணற்றிலும் இரண்டு போத்தல் தண்ணீர். போத்தலில் ஓர் இலக்கம். அதே இலக்கத்தைப் பல்கலைக்கழகச் சின்னம் போட்ட பச்சை ஸ்ரிக்கரில் எழுதிக் கிணற்றுக் கட்டுச் சுவரில் ஒட்டவேண்டும். அந்த ஸ்ரிக்கர் எனக்காக. எடுத்த கிணற்றிலேயே திரும்பவும் எடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அதில் மூன்று மொழியிலும் 'நீர்த்தர ஆய்வு' என்று அழகாக அச்சடித்திருந்ததைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

பதினேழாம் இலக்கக் கிணறு முன்பள்ளிக்குப் பக்கத்து வீட்டு வளவில் இருந்தது. வளவுக்கார அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். நான் ஸ்ரிக்கரை உரிக்கத் தொடங்கியதும், "கொஞ்சம் நில்லுங்கோ மிஸ்" என்று ஓடி வந்து, கட்டுச் சுவரிலிருந்த பாசியைக் கத்தியால் சுரண்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து இடம் செய்து தந்தார்.

"முடிவு எப்ப வரும் மிஸ்?"

"மூண்டு மாசத்தில வரும் அக்கா. ஏதும் பிரச்சினை எண்டா உடன அறிவிப்பம்."

பேராசிரியர் சொல்லச் சொல்லியிருந்த வசனம் அது. எல்லா வளவிலும் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய் பழகி, ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டே வேலிக்கு மேலால் சொல்லிவிட்டுப் போன வீடுகளும் உண்டு.

மூன்று மாதம் போனது. சோதிக்கும் இயந்திரம் பெரிய பெட்டியில் வந்து இறங்கியது. பெட்டியைத் திறக்கவில்லை. அதற்குக் குளிரூட்டிய அறையும் ஏறி இறங்காத மின்சாரமும் வேண்டுமாம். அறை திருத்தும் காசு வேறொரு செலவுத் தலைப்பில் வரவேண்டும். அந்தத் தலைப்பில் அந்த வருடம் ஒன்றும் வரவில்லை. நான் எடுத்து வந்த போத்தல்கள் நிலையத்தில் இருந்த ஒரேயொரு பிரிஜ்ஜின் கீழ்த்தட்டுகளில் நின்றன. மேல்தட்டில் எங்களுடைய தயிர்ச் சட்டி.

என் ஆறு மாதமும் முடிந்தது. பிறகு போட்டிப் பரீட்சை எழுதி, நேர்முகத்துக்குப் போய், அதே நிலையத்தில் முகாமைத்துவ உதவியாளராக நியமனம் பெற்றேன். ஊர் ஊராகத் திரிந்தவளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்கள். இரண்டு தடவை பேராசிரியரிடம் கேட்டேன்: "சேர், அந்தக் கிணத்துத் தண்ணி?" இரண்டு தடவையும், "அறை சரிவரட்டும் பிள்ளை" என்றார். மூன்றாம் தடவை நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது நினைத்தால் என்மீதே எரிச்சல் வருகிறது. நியமனம் உறுதியாகும் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்போம் என்று இருந்தேன். உறுதியானபிறகு மறந்துபோனேன். இதற்குமேல் அதில் ஒரு காரணமும் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதித் தயாரிப்பதும் என் மேசை வேலை. அநேகமாக வேலை கிடைக்காதவர்களும் ஒப்பந்தம் தவறிப்போனவர்களும் எழுதுவார்கள். சென்ற வருடம் ஒருநாள் கொப்பித் தாளில் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. பதினேழாம் இலக்கம் ஒட்டிய எங்கள் கிணற்றின் சோதனை முடிவைத் தரவும். இந்த ஆய்வுக்கு அரசாங்கம் தந்த பணம் எப்படிச் செலவானது என்பதையும் அறியத் தரவும். இரண்டே கேள்விகள். ஏன் கேட்கிறோம் என்று சொல்லவேண்டிய அவசியம் சட்டத்தில் இல்லை. ஆனாலும் அக்கா கீழே எழுதியிருந்தார்: "முன்பள்ளிப் பிள்ளைகள் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஸ்ரிக்கர் இருக்கிறது என்று சொன்னோம். சுகாதாரப் பரிசோதகர் ஸ்ரிக்கர் போதாது, கடதாசி வேண்டும் என்கிறார்."

அந்தக் கடைசி வரிகள் எனக்கு விளங்கவில்லை. கடிதத்தில் தொலைபேசி இலக்கம் இருந்தது. விறாந்தைக்கு வந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தபடி கேட்டேன்.

"அக்கா, ஸ்ரிக்கர் இருக்குதெண்டு பரிசோதகரிட்ட சொன்னதெண்டா, என்னத்துக்கு?"

"நல்ல கிணத்துக்கு ஒட்டின ஸ்ரிக்கர்தானே மிஸ்."

"நல்ல கிணறெண்டு ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லோணுமே? பிரச்சினை எண்டா உடன அறிவிப்பம் எண்டு அந்தப் பிள்ளை சொல்லிப்போட்டுப் போனது. ஒண்டும் அறிவிக்கேல்ல. அப்ப நல்லதுதானே."

அந்தப் பிள்ளை நான்தான் என்று அப்போது சொல்ல வாய் வரவில்லை. அக்கா கதைத்துக்கொண்டே போனார். ஸ்ரிக்கர் இல்லாத வீட்டுக்காரரும் ஸ்ரிக்கர் கிணற்றில்தான் குடிக்க அள்ளுகிறார்களாம். பிந்தி ஊர் திரும்பிய ஒருவர், ஆளில்லாத வளவுக் கிணற்றிலிருந்த ஸ்ரிக்கரைச் சுடுதண்ணீர் ஊற்றி உரித்து வந்து தன் கிணற்றில் ஒட்டிவிட்டாராம். அதற்கு ஊரில் பெரிய சண்டையாம். முன்பள்ளிக்கு இடம் பார்த்தபோது இந்த வளவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்ததும் அதனால்தானாம். முன்பள்ளி முதலிலிருந்தே அங்கேதானே இருந்தது என்று கேட்டேன். "அப்ப கொட்டில்ல நடந்தது மிஸ். கல்லுக் கட்டடம் வேற இடத்தில கட்டப் பாத்தவை. பள்ளிக்கூடத்தை இஞ்ச விடுங்கோ, தண்ணி நல்லது எண்டு நான்தான் மறிச்சனான்" என்றார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது.



அன்று பின்னேரம் அந்த ஆய்வின் கடதாசிகள் கட்டிய பழைய கோவையை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். களவு ஏதாவது இருக்கும், யாரையாவது பிடித்துத் திட்டலாம் என்றுதான் தேடினேன். ஒன்றும் இல்லை. இயந்திரம் வாங்கியாயிற்று, பற்றுச்சீட்டு இருக்கிறது. மாதிரிகள் சேகரித்தாயிற்று, என் கையெழுத்து இருக்கிறது. எரிபொருள், போத்தல், ஸ்ரிக்கர் எல்லாம் சரி. இறுதி அறிக்கையில் 'கொள்வனவு பூர்த்தி, சேகரிப்பு பூர்த்தி' என்று எழுதி, நிதி தந்தவர்கள் அதை ஏற்றுக்கொண்ட கடிதமும் இருந்தது. அவரவர் தங்கள் வேலையை முடித்திருந்தார்கள். தண்ணீரைச் சோதிப்பது மட்டும் ஒருவருடைய வேலையாகவும் இருக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி அந்தக் கோவை எங்கேயாவது கிடந்திருந்தால் சம்பூரில் யாராவது ஒருவர் முதல் வருடமே கேட்டிருப்பார். அது எங்கள் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது.

அடுத்தநாள் உதவிப் பதிவாளரிடம் போனேன். நிலையத்தில் கடிதங்களுக்குக் கையெழுத்து வைப்பவர் அவர்தான். நல்ல மனிதர். ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை.

"கோரப்பட்ட தகவல் எமது கைவசம் இல்லை எண்டு போடுங்கோ மிஸ்" என்றார்.

"சேர், அது பொய்யெல்லோ?"

"முடிவு எங்களிட்ட இருக்கா? இல்லை. பிறகென்ன பொய்?"

"கைவசம் இல்லை எண்டா வேற எங்கயோ இருக்கெண்டுதான் அந்த அக்கா நினைப்பா. சோதிச்சது, கடதாசி துலைஞ்சுபோச்சு எண்டு நினைப்பா. பிள்ளைகள் குடிச்சுக்கொண்டே இருக்குங்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசிப்பம் என்றார். யோசிப்பம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த அறையை விட்டு வந்து என் கதிரையில் இருக்க முடியாமல் எழும்பி, பிரிஜ்ஜைத் திறந்து பார்த்தேன். போத்தல்கள் நின்றன. மின்சாரம் எத்தனையோ தடவை போய்வந்துவிட்டது. சிலவற்றில் இலக்கம் அழிந்திருந்தது. பதினேழு அழியவில்லை.

வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. குசினிக்கும் வாசலுக்குமாக நடந்ததில் சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. "உனக்கு என்ன, செருப்பில முள்ளே?" என்று என் கணவர் கேட்டார். அவருக்குச் சொன்னேன். "வேலை போகுமோ?" என்றார். "போகாது. வேற இடத்துக்குத் தூக்கிப் போடுவினம்" என்றேன். அவர் கஞ்சியை ஊற்றிக் குடித்தார்.

மறுநாள் வேறொரு அரச ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க என்ன செய்யவேண்டும் என்று சும்மா விசாரிப்பது போலக் கேட்டேன். போத்தலைக் கொண்டுவந்து தாருங்கள், ஒரு கிழமையில் முடிவு தருவோம் என்றார்கள். கட்டணத்தையும் சொன்னார்கள். நான் ஒரு கிழமை ஸ்கூட்டிக்கு அடித்த பெற்றோலைவிடக் குறைவு. தொலைபேசியை வைத்துவிட்டு மேசையில் ஓங்கி அடித்தேன். பக்கத்து மேசையில் இருந்தவர் தேத்தண்ணியைச் சிந்திவிட்டார்.

அன்று மத்தியானம் பேராசிரியர் தொலைபேசி எடுத்தார். உதவிப் பதிவாளர் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"பிள்ளை, ஒருத்தரும் ஒரு சதம் எடுக்கேல்ல. இயந்திரம் பெட்டியோட இருக்கு. ஆரும் வந்து பாக்கலாம்."

"ஓம் சேர். தெரியும்."

"அடுத்த நிதி கிடைச்சா முதல் வேலை இதுதான். இப்ப சோதிக்கேல்ல எண்டு எழுத்தில குடுத்தா அடுத்த நிதியே வராது. பிறகு அந்தச் சனத்தின்ர தண்ணியை ஒருநாளும் சோதிக்க ஏலாது. யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்துப் பார்த்தேன். கேட்க நியாயம் போலத்தான் இருந்தது. அதுதான் எனக்குக் கோபத்தைக் கூட்டியது.

"சேர், அந்தப் பிள்ளைகள் இண்டைக்கும் குடிக்குங்கள்" என்றேன்.

 அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

எங்கள் அலுவலகங்களில் ஒரு வழக்கம். கடிதத்தைத் தயாரித்தவர் கோவைப் பிரதியின் மூலையில் சுருக்கொப்பம் வைத்தால்தான் மேலே இருப்பவர் கையெழுத்துப் போடுவார். அந்தச் சின்னக் கிறுக்கல் இல்லாமல் ஒரு கடிதமும் வெளியே போகாது. நான் 'பரிசோதனை மேற்கொள்ளப்படவில்லை' என்று எழுதினேன். செலவு விபரத்தைத் தனித் தாளில் போட்டேன். இரண்டிலும் சுருக்கொப்பம் வைத்துக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். 'கைவசம் இல்லை' என்று எழுதினால் சுருக்கொப்பம் வைக்கமாட்டேன் என்றும் சொன்னேன்.  மூன்று நாள் அது அவர் மேசையில் கிடந்தது. மூன்று நாளும் நான் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு அந்த அறைக்குப் போய்வந்தேன். நாலாம் நாள், "உங்கட கால்ச் சத்தம் தாங்கேலாமக் கிடக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பதிவுத் தபாலில் அனுப்பினால் இன்னும் சில நாள் போகும். அரைநாள் லீவு போட்டு நானே கொண்டுபோனேன்.

அக்கா என்னைப் பார்த்ததும் அடையாளம் பிடித்துவிட்டார். "ஸ்ரிக்கர் ஒட்ட வந்த மிஸ்ஸெல்லே! இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று உள்ளே போகத் திரும்பினார். நான் மறித்தேன். முதலில் இதைப் பாருங்கள் என்று கடிதத்தை நீட்டினேன். வாசல் படலையடியில் நின்றபடியே வாசித்தார்.

"பரிசோதனை மேற்கொள்ளப்படவில்லை எண்டா?"

"சோதிக்கேல்ல அக்கா. எடுத்த தண்ணி அப்பிடியே இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இரண்டாம் தாளை எடுத்து விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு போனார். இயந்திரம், முழுமையாகச் செலவு. போத்தலும் ஸ்ரிக்கரும், முழுமையாக. ஆய்வு உதவியாளர் கொடுப்பனவு, முழுமையாக. விரல் அங்கே நின்றது.

"இந்த ஆய்வு உதவியாளர் எண்டிறது?"

"நான்தான் அக்கா."

"மாசா மாசம் ஒழுங்காத் தந்தவையோ?"

"ஓம்."

"நல்லது" என்றார். நக்கல் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் சொன்னார். "உழைச்ச காசு கிடைக்கத்தானே வேணும்." எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பிறகு அவர் தாள்களை மடித்தார். "முன்பள்ளி விடுற நேரம். தாய்மார் வந்திருப்பினம். நீங்களே வந்து சொல்லுங்கோ மிஸ். நான் சொல்ல ஏலாது. நல்ல தண்ணி எண்டு அவைக்குச் சொன்னதே நான்."

போனோம். மர நிழலில் ஏழெட்டுத் தாய்மார் நின்றார்கள். ஒருத்தி சைக்கிளை விட்டு இறங்காமலே நின்றாள். பிள்ளைகள் பையும் தண்ணீர்ப் போத்தலுமாக ஓடி வந்துகொண்டிருந்தன. நான் சொன்னேன். ஸ்ரிக்கர் என்பது நான் எண்ணிக்கைக்காக ஒட்டியது என்றேன். தண்ணீர் நல்லதா கெட்டதா என்று எங்களுக்குத் தெரியாது என்றேன். இன்றைக்கே புதிதாக எடுத்துக்கொண்டுபோய் வேறு இடத்தில் கொடுப்பதாகவும், ஒரு கிழமையில் முடிவோடு வருவதாகவும் சொன்னேன். ஒரு கிழமை என்று சொன்னபோது என் காதுக்கே அது பழைய கதைபோலக் கேட்டது.

"கொதிக்க வச்சுத்தான் குடுத்தனாங்கள்" என்றாள் ஒருத்தி. கொதிக்க வைத்தால் எல்லாம் போகாது, வயல் உரத்தால் வருவது போகாது என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப இவ்வளவு நாளும் குடிச்சதுக்கு?" என்று சைக்கிள்காரி கேட்டாள்.

 பிரிஜ்ஜில் நிற்கும் போத்தல்களை இனி எந்த இயந்திரத்தில் போட்டாலும் அது சொல்லப்போவதில்லை. அப்படியே சொன்னேன். அவள் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, மகளின் கழுத்தில் தொங்கிய போத்தலைக் கழற்றி, மூடியைத் திறந்து மணலில் ஊற்றினாள். பார்த்துக்கொண்டு நின்ற மற்றவர்களும் ஒவ்வொருவராக ஊற்றினார்கள்.  அக்கா எல்லோருக்கும் பின்னால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

அந்தச் சைக்கிள்காரியின் மகள்தான் முதலில் வாயைத் திறந்தது. "அம்மா, தண்ணி விடாய்க்குது."

நல்ல வெயில். எல்லாப் போத்தலும் வெறும் போத்தல். தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் ஓடிப்போய் ஸ்கூட்டிப் பெட்டியைத் திறந்து என் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்து கொடுத்தேன். மூதூர்க் கடையில் வாங்கியது, மூடி உடைக்காதது. பிள்ளை அண்ணாந்து குடித்தது. மற்றப் பிள்ளைகளும் சுற்றி வந்து நின்றன. ஆளுக்கு ஒரு வாயாகப் போத்தல் முடிந்தது.

சைக்கிள்காரி வெறும் போத்தலை வாங்கி, அதில் ஒட்டியிருந்த கடைப் பெயரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மிஸ் உங்கட தண்ணியோடதான் வந்திருக்கிறியள், என்ன?"

"ஓம். வெயிலெண்டு வாங்கினது."

"அப்ப, அந்த நாளில ஸ்ரிக்கர் ஒட்ட வரேக்குள்ளயும் கொண்டுதான் வந்தனீங்களோ?"

ஆறு மாதமும், ஒவ்வொரு நாளும், மூதூரில் அதே கடையில் ஸ்கூட்டியை நிறுத்தி ஒரு போத்தல் வாங்கிக்கொண்டுதான் போனேன். எந்த வளவிலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததாக எனக்கு நினைவில்லை. ஏன் என்று அதுவரை நான் என்னைக் கேட்டதும் இல்லை.

"ஓம்" என்றேன்.